கேட்காத சேவைக்குக் காசு போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் என்று யார் போனில் காசு குறைந்தாலும் கடைசியில் அது என் கையில்தான் வந்து விழும். "நான் ஒண்ணுமே பண்ணலப்பா, தானா போயிடுச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். போனை வாங்கிப் பார்த்தால், எரிச்சலில் எல்லா மெசேஜையும் ஏற்கெனவே அழித்து வைத்திருப்பார்கள். அப்போதே எனக்கு வேலை இரட்டிப்பு.

அதனால் அறிகுறி எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் அழிக்காதீர்கள். காசு பிடித்ததாகச் சொல்லும் மெசேஜில் சேவையின் பெயரும் தொகையும் இருக்கும். வந்த நேரம் போனிலேயே பதிவாகியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கீபேட் போன் என்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்று யோசியுங்கள். கேட்காமல் வந்தது என்று நாம் சொல்லும் சேவைகளில் பலவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு 'ஓகே' ஒளிந்திருக்கும். நாம் தெரியாமல் அழுத்தியதாக இருக்கலாம், குழந்தை அழுத்தியதாக இருக்கலாம், ஒரு ஆப் நம் பெயரில் அழுத்தியதாகவும் இருக்கலாம். அந்த ஓகேவைக் கண்டுபிடிக்காமல் சேவையை மட்டும் நிறுத்தினால், அடுத்த மாதம் வேறு பெயரில் வந்து நிற்கும்.

கீழே உள்ள எண்களும் விதிகளும் இந்திய மொபைல் எண்களுக்கானவை.

## அறிகுறி: டாப்-அப் போட்டால் மெயின் பேலன்ஸ் தானாகக் குறைகிறது

மெயின் பேலன்ஸ் வேறு, பேக் வேறு. அன்லிமிடெட் பேக்குக்குக் கட்டிய பணத்தை இந்தச் சேவைகள் தொட முடியாது. டாப்-அப் போட்டு வைத்த காசைத்தான் கடிக்கும். எனவே முதலில் குறைந்தது எது என்று பாருங்கள். டேட்டா தீர்ந்துவிட்டதை 'காசு போச்சு' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

மெயின் பேலன்ஸ்தான் குறைகிறது என்றால், காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

சாதாரணக் கட்டணம். பேக்கில் அடங்காத வெளிநாட்டு அழைப்பு, பேக் முடிந்த பிறகு அனுப்பிய எஸ்எம்எஸ், டிவி போட்டிக்கு ஐந்து இலக்க எண்ணுக்கு அனுப்பிய பதில். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான பிரீமியம் எஸ்எம்எஸ். பேக்கில் தினமும் 100 எஸ்எம்எஸ் இலவசம் என்றாலும் இதற்குச் செல்லாது. ஒவ்வொரு மெசேஜுக்கும் தனிக் கட்டணம். அனுப்பிய மெசேஜ் பட்டியலைத் திறந்து, பத்து இலக்கம் இல்லாத எண்ணுக்கு ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பாதது அங்கே இருந்தால், நேராக 'நிறுத்தினேன், மறுபடி வந்தது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

காலர் டியூன். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நான் பார்த்ததில் வயதானவர்கள் போனில் அடிக்கடி சிக்குவது இதுதான். இன்னொருவருக்கு அழைக்கும்போது பாட்டு கேட்கும்; "இந்தப் பாட்டு வேண்டுமானால் நட்சத்திரக் குறியை அழுத்துங்கள்" என்று குரல் வரும். காதில் வைக்கும்போது கன்னம் பட்டால் போதும். பாட்டு நமக்குக் கேட்காது, நம்மை அழைப்பவருக்குத்தான் கேட்கும் என்பதால் மாதக்கணக்கில் தெரியாமலே போகும். சோதனை எளிது: வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டணச் சேவை. ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர், விளையாட்டு, 'காதல் டிப்ஸ்' வகையறா. என் சித்தப்பாவின் கீபேட் போனுக்குத் தினமும் காலையில் காதல் டிப்ஸ் வந்துகொண்டிருந்தது. எழுபது வயது மனிதர், அது என்னவென்றே பிரித்துப் பார்க்கவில்லை, சித்திதான் பார்த்தார். அந்த வாரம் அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

இதற்கான பொது எண் 155223. எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் இதே எண்தான், அழைப்புக்குக் கட்டணம் இல்லை. சிக்கல் உள்ள சிம்மிலிருந்தே அழையுங்கள். என்னென்ன சேவை ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தச் சொல்லலாம். 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் எழுதி இதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியும் பார்க்கலாம். பதிலாக வரும் பட்டியலைக் கவனமாகப் படித்து, சொன்ன எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். நிறுத்திவிட்டோம் என்று உறுதிச் செய்தி வரும்வரை வேலை முடியவில்லை.

நிறுத்துவதோடு விட்டுவிடாதீர்கள். சம்மதம் இல்லாமல் தொடங்கிய சேவை என்று, தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சொன்னால், அதை நிறுத்திக் காசைத் திருப்பித் தர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லியிருக்கும் முறை இது. அதே டிராய் 2013-ல் இரட்டைச் சம்மதம் என்பதையும் கட்டாயமாக்கியது: சேவை வேண்டும் என்று ஒருமுறை, கட்டணத்தைப் பார்த்த பிறகு உறுதிசெய்து இன்னொரு முறை. எனவே கஸ்டமர் கேரில் "நான் போடவில்லை" என்று சண்டை பிடிப்பதைவிட, "என் இரண்டாவது சம்மதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியில் வந்தது?" என்று கேளுங்கள். குரலை உயர்த்தவே வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்; டாக்கெட் நம்பர் என்று கேட்டால் புரியும். 24 மணி நேரம் கடந்துவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், சில நேரம் கிடைக்கிறது.

எது காசைப் பிடித்தது என்றே தெரியவில்லை என்றால், ப்ரீபெய்ட் வாடிக்கையாளரும் விவரமான கணக்கு கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பத்து ரூபாய்க்காக 50 ரூபாய் செலவழிப்பதா என்று யோசிப்பீர்கள். சரிதான். ஒரே முறை போனதற்கு வேண்டாம். மாதாமாதம் போகிறது என்றால் வாங்குங்கள்.

## அறிகுறி: நிறுத்தினேன், மறுபடி வந்தது

ஓகே சொல்லும் ஆள் இன்னும் போனுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

மிகச் சாதாரணமான காரணம் பிரவுசர். இலவசப் படம், பாட்டு, வால்பேப்பர் தரும் தளங்களில் மூடும் குறி மாதிரியே ஒரு பட்டனை வைத்திருப்பார்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது உங்கள் எண் என்ன என்பதை நெட்வொர்க்கே அந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு உண்டு. அதனால்தான் எண்ணை எங்கேயும் தட்டாமலே சேவை தொடங்கிவிடுகிறது. வைஃபையில் இந்த வழி வேலை செய்யாது. ஒரு வாரம் வைஃபையில் மட்டும் பயன்படுத்தி, அந்த வாரம் எதுவும் வரவில்லை என்றால், குற்றவாளி பிரவுசரோ விளம்பரம் காட்டும் ஆப்போதான். பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்றிருக்கும் தளங்களை எல்லாம் நீக்குங்கள்.

அடுத்தது ஆப். ஆண்ட்ராய்டில் மட்டும்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஐபோனில் ஒரு ஆப் உங்களுக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. ஜோக்கர் என்ற பெயரில் சுற்றும் ஆப் வகை இதற்கென்றே உருவானது. சாதாரண ஸ்கேனர், கீபோர்டு, வால்பேப்பர் ஆப் மாதிரி இருக்கும். பின்னால் கட்டணச் சேவைப் பக்கத்தைத் திறந்து, வரும் ஓடிபியைத் தானே படித்து, தானே சம்மதம் கொடுத்துவிடும். இந்த வகையில் 1,700 ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. ஆக, பிளே ஸ்டோரில் இருந்து எடுத்தேன் என்பது காரணமாகாது.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்' என்று இருக்கும். சில போன்களில் அது மேலே மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். அதற்குள் 'பிரீமியம் எஸ்எம்எஸ் ஆக்சஸ்'. அங்கே ஏதாவது ஆப் இருந்தால் 'நெவர் அலோ' போடுங்கள். இரண்டாவதாக, அதே பகுதியில் நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ். ஓடிபியைப் படிக்க எஸ்எம்எஸ் அனுமதியே தேவையில்லை, நோட்டிஃபிகேஷனைப் படித்தாலே போதும். கைக்கடிகாரத்துக்கான ஆப், கார் ஆப் தவிர வேறு எதற்கும் அந்த அனுமதி எதற்கு? மூன்றாவதாக, எஸ்எம்எஸ் அனுமதி பெற்ற ஆப்களின் பட்டியல். டார்ச் லைட் ஆப் அதில் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை, தூக்கிவிடுங்கள்.

எந்த ஆப் என்று பிடிபடவில்லை என்றால், முதல் காசு போன தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் எதெல்லாம் ஏற்றினீர்கள் என்று பாருங்கள். முதலில் எழுதி வைத்த தேதி இங்கேதான் கைகொடுக்கும். அப்புறமும் நிற்கவில்லை என்றால், சிம்மைக் கழற்றி ஒரு கீபேட் போனில் பத்து நாள் போட்டு வையுங்கள். அங்கே காசு போகவில்லை என்றால் கோளாறு போனில். போட்டோக்களை எடுத்து வைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அதையும் மீறி வந்தால் மட்டும் சர்வீஸ் சென்டர். மலிவு விலைப் போன்களில் ஆலையிலேயே ஏற்றி அனுப்பிய ஆப்கள் இருந்தால் ரீசெட்டுக்கு அசையாது. அது நம் கைவேலைக்கு அப்பாற்பட்டது.

கீபேட் போனிலும் காசு போகிறதா? அப்படியானால் சிக்கல் நெட்வொர்க் பக்கம். 155223-ல் மறுபடி பேசுங்கள், முந்தைய புகார் எண்ணோடு.

## அறிகுறி: திரையில் தானாக ஒரு பெட்டி வந்து ஓகே கேட்கிறது

போனை எடுக்கும் நேரம் பார்த்து "இன்றைய ராசிபலன், ஓகே / கேன்சல்" என்று குதிக்குமே, அது. இன்பாக்ஸில் தேடினால் இருக்காது. இது சிம்முக்குள்ளேயே இருக்கும் மெனுவிலிருந்து வருகிறது.

ஆப் பட்டியலில் 'சிம் டூல்கிட்' அல்லது சிம் நிறுவனத்தின் பெயரில் ஒரு குறி இருக்கும். திறந்து பாருங்கள். ஃபிளாஷ், நவ், அலர்ட் மாதிரி ஒரு பெயரில் உள்ளதற்குள் போனால் 'டீஆக்டிவேட்' அல்லது 'ஸ்டாப்' இருக்கும். கீபேட் போனில் இது மெனுவின் கடைசியில் கிடக்கும். அங்கே அணைத்ததும் நின்றுவிடும். போனை மாற்றினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், சிம்மோடு கூடவே வரும்.

அணைக்கும் வழி இல்லாத பழைய சிம்களும் உண்டு. அப்போது கஸ்டமர் கேரில் சொல்லி நிறுத்துங்கள். அதுவரை பெட்டி வந்தால் ஓகே, கேன்சல் இரண்டையும் விட்டுவிட்டுப் பின்செல்லும் பட்டனை அழுத்துவது என் பழக்கம். அவசரத்தில் விரல் தவறினால் செலவு நமக்கு.

## அறிகுறி: காசு போகவில்லை, ஆனால் விளம்பர மெசேஜ் ஓயவில்லை

அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

எழுத்தால் ஆன பெயர், கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு எழுத்து எந்த நிறுவனத்தின் வழியாக, எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து (அதாவது எந்தப் பகுதியிலிருந்து) வந்தது என்பதைக் குறிக்கும். 2025-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கடைசி எழுத்துதான் முக்கியம். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. டிஎன்டி, அதாவது விளம்பரம் வேண்டாம் என்ற பதிவு, போட்டால் நிற்பது பி மட்டுமே. வங்கி அனுப்பும் ஓடிபி நின்றுவிடுமோ என்று பயந்து டிஎன்டி போடாதவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பயம் தேவையில்லை.

போடும் வழி: ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்புங்கள், அல்லது அதே எண்ணை அழையுங்கள். 0 என்றால் முழுத் தடை. ஒரு சில வகை விளம்பரம் மட்டும் வந்தால் போதும் என்றால் 0-க்குப் பதில் அந்த வகையின் எண்: வங்கி, காப்பீடு, கடன் அட்டைக்கு 1, வீடு மனைக்கு 2, கல்விக்கு 3, மருத்துவத்துக்கு 4. உடனே நிற்காது, சில நாள் பொறுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டிஎன்டி போட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டணச் சேவை நிற்காது. 1909 விளம்பரத்துக்கு, 155223 காசு பிடிக்கும் சேவைக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "டிஎன்டி போட்டேனே, காசு ஏன் போகுது?" என்று வருபவர்கள்தான் அதிகம்.

சாதாரணப் பத்து இலக்க எண். விளம்பரம் அனுப்புபவராகப் பதிவு செய்யாத ஆள். இவருக்கு டிஎன்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பதில் அனுப்பாதீர்கள், 'ஸ்டாப்' என்று அனுப்பினால்கூட, எண் உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். புகார் மட்டும் கொடுங்கள். வந்த மெசேஜ், கமா, அனுப்பியவர் எண், கமா, நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதி 1909-க்கு அனுப்ப வேண்டும். டிராய் டிஎன்டி ஆப்பில் இது இன்னும் சுலபம். முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 முதல் ஏழு நாள். பதிவு செய்யாதவர்மேல் புகார் கொடுக்க நீங்கள் டிஎன்டியில் இருக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. ஒருவர் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்: பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கைக்கான வரம்பு எட்டிவிடும். வீட்டில் நான்கு பேருக்கு அதே மெசேஜ் வந்திருந்தால் நான்கு பேரும் தனித்தனியாக அனுப்புங்கள்.

கடையின் படம், வண்ணப் பட்டன் எல்லாம் இருக்கும் மெசேஜ். இது எஸ்எம்எஸ்ஸே அல்ல. இணையம் வழியாக வரும் ஆர்சிஎஸ். அந்த மெசேஜிலேயே பிளாக் செய்து, ஸ்பேம் என்று ரிப்போர்ட் போடுங்கள். தொல்லை தாங்கவில்லை என்றால் மெசேஜ் ஆப்பின் செட்டிங்ஸில் ஆர்சிஎஸ் சாட்டையே அணைத்துவிடலாம். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். இதுவரை எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

## அறிகுறி: டிஎன்டி போட்டும் பி மெசேஜ் வருகிறது

நீங்களே எப்போதோ சம்மதம் கொடுத்த கடையாக இருக்கலாம். பில் போடும்போது எண் கேட்பார்கள், நாமும் தள்ளுபடி ஆசையில் சொல்லிவிடுவோம். விளம்பர மெசேஜிலேயே விலகும் வழி இருக்க வேண்டும் என்பது இப்போது விதி, அதைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றாலோ, வேலை செய்யவில்லை என்றாலோ மேலே சொன்னபடி 1909-க்குப் புகார்.

எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் டிஎன்டி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட்டுவிடுவேன்.

## அறிகுறி: நான் கேட்காமலே ஓடிபி அல்லது 'உறுதிசெய்ய 1 அனுப்பவும்' என்று வருகிறது

சேவை இன்னும் தொடங்கவில்லை. இரண்டாவது சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது. எதுவும் அனுப்பாமல் விட்டாலே போதும். 'நோ' என்றுகூட அனுப்ப வேண்டாம். போன் அப்போது குழந்தை கையில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தால் ஆப் சோதனை.

## அறிகுறி: போஸ்ட்பெய்டு பில்லில் புரியாத ஒரு வரி

பில்லின் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கட்டிவிடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. விவரப் பக்கத்தில் 'வாஸ்' (கூடுதல் சேவை) என்றோ 'பார்ட்னர் சர்வீஸ்' என்றோ இருக்கும். ஆட்டோ டெபிட் இருந்தால் முந்தைய மூன்று மாதப் பில்லையும் எடுத்துப் பாருங்கள், ஒன்றோடு நிற்காது. புகாரில் ஒவ்வொரு மாதத் தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

## அறிகுறி: போன் பேலன்ஸ் அல்ல, வங்கிக் கணக்கிலிருந்தே போகிறது

இது வேறு நோய், 155223-க்கு வேலை இல்லை. சிறு தொகை, மாதம் ஒரே தேதி என்றால் பெரும்பாலும் யுபிஐ ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் கட்ட நாம் கொடுத்து வைத்த அனுமதி. பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். மெசேஜில் வந்த லிங்கைத் தட்டிய பிறகு பெரிய தொகை போயிருந்தால் இதை எல்லாம் படித்துக்கொண்டு இருக்காதீர்கள்; சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும் சந்தேகமாக இருக்கிறது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.

## எப்போது மேலே போக வேண்டும்

கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கியும் காசு வரவில்லை அல்லது "நீங்கள்தான் சம்மதித்தீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும், கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் போக வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண், ஸ்கிரீன்ஷாட், அந்த இரண்டாவது சம்மதக் கேள்வி இவை மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. டிராய்க்கே நேராக எழுதுபவர்கள் உண்டு; தனிநபர் புகாரை அவர்கள் தீர்ப்பதில்லை.

அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி நிறுவனங்கள்மேல் வரும் புகாரை நுகர்வோர் ஆணையம் எடுக்கக் கூடாது என்ற வாதம் நெடுநாள் ஓடியது. எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் அலைச்சல் உண்டு. முப்பது ரூபாய்க்கு நான் போக மாட்டேன். இரண்டு வருடப் பில்லில் மாதாமாதம் பிடித்திருந்தால் போவேன், அப்போது ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போவேன்.

சித்தப்பா விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. 155223-ல் ஒரே அழைப்பில் காதல் டிப்ஸ் நின்றது, கடைசி நாள் காசும் திரும்பியது. அவருக்கு டாப்-அப் போடுவதையே நிறுத்திவிட்டு, பேக் மட்டும் போட்டு விடுகிறோம். மெயின் பேலன்ஸ் பூஜ்யம்.